செவ்வாய்க்கிழமை போன வாசனை

அத்தியாயம் பதினேழு

மூக்கு சார் பொய் சொல்ல ஆரம்பித்து இன்றோடு ஐந்து நாள்.

அவர் வீட்டுக்குள் இப்போதுதான் நுழைகிறவர்களுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுமைதானே இந்தக் கதை முழுக்க நடக்கிறது.

மூக்கு சார் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். முப்பத்தொரு வருடமாக அதே வேலை. நீளமான மேஜையில் நாற்பது வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்து, ஒரு கரண்டி எடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சி, துப்பிவிட்டு, "இது மழைக்கு முந்தி பறிச்சது, இது அடுப்புல ரெண்டு நிமிஷம் கூட இருந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் சொன்னால் சொன்னதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் மூக்கு சார்.

அவர் மனைவி டீச்சர். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை இருபது வருடம் மேய்த்தவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, நாலு வருடத்துக்கு முன்னால் வேறொருவருடைய சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டு பிழைத்தவள். அந்தச் சிறுநீரகத்தை உடம்பு துரத்திவிடாமல் இருக்க தினமும் பதினோரு மாத்திரை. அந்த மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தலையில் தட்டி உட்காரவைத்துவிடும். அதனால் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த இந்தத் தொற்று வந்த முதல் வாரமே டாக்டர் சொல்லிவிட்டார். "மத்தவங்களுக்கு இது காய்ச்சல். உங்களுக்கு அப்படி இல்லைம்மா."

ஒரே மகள். நர்ஸ். தொற்று வார்டில் வேலை. அவள் அன்றைக்கே ஒரு பெட்டியில் துணியை அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். "ஒரு மாசம்தாம்மா" என்றாள். அந்த ஒரு மாசம் பத்தொன்பது மாசமாகிவிட்டது. எப்போதாவது தெருவின் அந்தப் பக்கம் வந்து நின்று கையாட்டுவாள். டீச்சர் கேட்டுக்குள் நின்று கையாட்டுவாள். நடுவில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்.

இதற்குள் ஊர் உலகத்துக்கு அலுத்துவிட்டது. முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டார்கள், அப்புறம் சட்டைப் பையில் வைத்தார்கள், அப்புறம் மறந்தே போனார்கள். இந்த ஒரு வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. காய்கறி வாசலிலேயே வெயில் காயும். மூக்கு சார் வேலை முடிந்து வந்தால் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைப்பார். ஆபீசிலும் அவர் மட்டும் பழைய சாமான் அறையில் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, தனித் துப்பல் பாத்திரம் என்று தனி ராஜ்ஜியம் நடத்தினார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு சார் இந்தக் கூத்து?" என்று மேனேஜர் கேட்டதும், பெரிய ஏலம் ஒன்றுக்காகப் போன வெள்ளிக்கிழமை ஒரே ஒரு மணி நேரம் அவர் பொது அறையில் எல்லாரோடும் நின்று உறிஞ்சித் துப்பியதும் போன வாரக் கதை. பத்தொன்பது மாதத்தில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

அதாவது, முதல் தப்பு.

இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் அந்த வீட்டின் காலை நேரப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொற்று வந்த புதிதில் பரிசோதனைக் கிட் எங்கேயும் கிடைக்கவில்லை. வாசனை போவதுதான் முதல் அறிகுறி என்று டிவியில் சொன்னார்கள். டீச்சர் திரும்பி வீட்டுக்காரரின் மூக்கைப் பார்த்தாள்.

"வீட்டுலயே இவ்வளவு பெரிய மெஷின் இருக்கும்போது நாம எதுக்குங்க கடை கடையா அலையணும்?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, ஒன்பது தேயிலை டப்பாக்களில் மூன்றை டீச்சர் தன் இஷ்டத்துக்கு எடுப்பாள். மூக்கு சார் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். மூன்று கிண்ணத்தில் வடித்து, ஆறு நிமிஷம் ஆனதும், "ம், வாங்க" என்பாள். அவர் முகக்கவசத்தைக் கழற்றி, குனிந்து, எது எந்த டப்பா என்று சொல்வார். மூன்றும் சரியாக இருந்தால் காலண்டரில் ஒரு டிக். "வீடு சுத்தம்" என்று பள்ளிக்கூடக் குரலில் அறிவிப்பாள்.

அப்புறம் கிட் கடைகளில் குவிந்தது. மகள் ஒரு பெட்டி நிறைய அனுப்பியும் வைத்தாள். அது அலமாரியில் தூங்கியது. "கிட் பொய் சொன்னாலும் சொல்லும். உங்க மூக்கு சொல்லாது" என்பாள் டீச்சர். மூக்கு சாருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். கொஞ்சம் என்ன, நிறையவே.

செவ்வாய்க்கிழமை அவர் குனிந்தபோது சூடு மட்டும் முகத்தில் பட்டது. வேறு ஒன்றுமே வரவில்லை. மூன்று கிண்ணத்திலும் வெந்நீர் இருந்திருந்தால்கூட அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆனால் கண் இருந்ததே. சாயத்தின் நிறம், நனைந்த இலையின் சுருள், நாக்கின் ஓரத்தில் லேசாகத் தட்டிய துவர்ப்பு இதையெல்லாம் வைத்து மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டார். கத்துக்குட்டியாக இருந்திருந்தால் அங்கேயே மாட்டியிருப்பார். முப்பத்தொரு வருட அனுபவம் அவரைக் கவிழ்த்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை? சனிக்கிழமை மகள் வருவதாக இருந்தது. பத்து நாள் லீவு போட்டு, அந்தப் பத்து நாளும் குவார்ட்டர்ஸ் அறையில் ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் தனியாகக் கிடந்து, அதற்கப்புறம் அம்மாவைப் பார்க்க வருகிறாள். இரண்டு மணி நேரம். டாக்டரே சரி என்று சொல்லியிருந்தார். டீச்சர் ஒரு மாதமாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். 'எனக்கு வாசனை போச்சு' என்ற மூன்று வார்த்தை சொன்னால் அத்தனையும் போச்சு.

அதோடு, பயம். இந்த மூக்கு போனால் அவர் யார்? அந்தக் கேள்வியை அவர் முடிக்கக்கூட இல்லை. ஜலதோஷம்தான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டார். ஆபீசுக்கு முதுகுவலி என்று லீவு சொன்னார். அதே முதுகுவலியை வீட்டிலும் சொல்லி, ஹாலில் தனியாகப் படுத்தார். நாள் முழுக்க முகக்கவசத்தைக் கழற்றவில்லை. தட்டை அவரே கழுவினார். பாவம், அவருக்குத் தெரிந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்துத்தான் பொய் சொன்னார்.

காலை ஆறு மணிக்கு அந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர.

*

சனிக்கிழமை காலையும் பரீட்சை நடந்தது.

"ம், வாங்க."

அவர் திரும்பினார். டீச்சர் மேஜைக்கு அந்தப் பக்கம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை.

குளிருக்குப் போர்த்தியவளுக்கு எப்படி வேர்க்கும்? மூக்கு சார் அதைக் கவனித்தார். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும், வளர்ந்தால் அவருடைய மூக்குக்குத்தான் வந்து நிற்கும்.

"முதல் கிண்ணம் பச்சை மூடி டப்பா. நடுவுல இருக்கிறது நீள டப்பா. கடைசி, ஆபீஸ் சாம்பிள்" என்றார்.

"வீடு சுத்தம்" என்றாள் டீச்சர். குரல் கொஞ்சம் கரகரத்தது. காலண்டரில் டிக் போடுவதற்குள் நாற்காலியை ஒரு தடவை பிடித்துக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. ராத்திரி தூக்கமே வரலை. பத்தொன்பது மாசம் கழிச்சு பிள்ளை வர்றா, தூக்கம் எப்படி வரும்?"

நியாயமான பதில். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பத்து மணிக்கு வருவாள் என்றால் எட்டு மணிக்கே டீச்சர் தயார். முற்றத்தில் மூன்று நாற்காலி போட்டாயிற்று. நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மூக்கு சார் டேப் வைத்து இரண்டு தடவை அளந்தார். முகக்கவசம் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே ஒரு தடவை கட்டிக்கொள்ளலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். டீச்சர் அதை எழுதியே வாங்கியிருந்தாள்.

"வந்தவுடனே கட்டிக்கணுமா, போகும்போதா?" என்று கேட்டாள்.

"உன் பொண்ணு, உன் இஷ்டம்."

"போகும்போது வச்சுக்கிட்டா அழுதுடுவேன். வந்தவுடனேயே கட்டிக்கிறேன்." கொஞ்சம் யோசித்து, "அப்பவும் அழுவேன்தான்" என்றாள்.

மகளுக்குப் பால் ஊற்றிச் சர்க்கரை அள்ளிப் போட்ட டீதான் பிடிக்கும். ஊரே மெச்சும் ருசிக்காரருக்கு இப்படி ஒரு வாரிசு. வழக்கமாக இதற்கு ஒரு பாட்டு பாடுவார். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வாசல் பக்கமே காதை வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் கேட் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. செருப்புகூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடினாள். ஓடினாள் என்று எழுதிவிட்டேன். நாலு எட்டு வைத்தாள், தூணைப் பிடித்தாள், இன்னும் நாலு எட்டு வைத்தாள்.

மகள் கேட்டுக்கு வெளியில் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். காதுக்குப் பின்னால் முகக்கவசக் கயிறு அறுத்த தழும்பு தெரிந்தது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் அன்றைய பரிசோதனைச் சீட்டு. சீட்டை உயர்த்திக் காட்டி, "நான் சுத்தம்மா!" என்று கத்தினாள்.

"வாடி! வா! ஏன் அங்கேயே நிக்கிற?" டீச்சர் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

மகள் ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றாள்.

"அம்மா, என்ன கருகுது?"

டீச்சர் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றாள். மூக்கு சாரும் சிரித்துக்கொண்டே நின்றார்.

"அப்பா, ஏதோ தீயுது. பால் வச்சிருக்கீங்களா? தெரு முனை வரைக்கும் அடிக்குது. உங்களுக்கு…"

அவள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை மகளுடையது அல்ல, வார்டில் நிற்கிறவளுடையது.

மூக்கு சார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்த்தாள். அவளுக்கும் வாசனை தெரியவில்லை. அந்த வினாடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் கண்ட வேர்வை, சால்வை, கரகரப்பு எல்லாம். அந்தப் பத்து நிமிஷங்களில், நேர் எதிரில் உட்கார்ந்து, அவரேதான் கொடுத்திருக்கிறார்.

"அடுப்பை அணைங்கப்பா" என்றாள் மகள். குரல் எவ்வளவு அமைதியாக இருந்ததோ அவ்வளவு பயமாகவும் இருந்தது.

*

அவர் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மகள் பையைத் திறந்து நீல மேலங்கி, கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தது. டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்து, விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினாள்.

எண்பத்தெட்டு.

இன்னொரு விரலில் மாட்டினாள். அதிலும் எண்பத்தெட்டு.

மகள் போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். தெரு, வீட்டு எண், வயது, மாற்றுச் சிறுநீரகம். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

"அம்மா, எனக்கு ஒண்ணு கரெக்டா சொல்லணும். எங்க ஆஸ்பத்திரியில ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்ச அஞ்சு நாளுக்குள்ள போட்டாத்தான் கேக்கும். ஆறாம் நாள்னா போட மாட்டாங்க, லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும். உனக்கு எப்போ ஆரம்பிச்சுது?"

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை" என்றாள்.

"திங்கக்கிழமையா? நல்லா யோசிச்சு சொல்லும்மா."

"யோசிக்க என்ன இருக்கு? திங்கக்கிழமை காலையிலேயே தொண்டை கரகரன்னுச்சு. எனக்குத்தான் முதல்ல வந்துது. காய்கறிக்காரர்கிட்ட வாசல்ல நின்னு பேசினேன், அதுலதான் இருக்கும். என்கிட்டேர்ந்துதான் உங்கப்பாவுக்கு." மூச்சு வாங்கியது. "அவரை ஒண்ணும் சொல்லாதே."

மகள் விரல் மடக்கி எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஆறாவது விரலுக்கு அடுத்த கைக்குப் போனாள். அங்கேயே கை நின்றுவிட்டது.

மூக்கு சார் மனசுக்குள் பின்னோக்கி எண்ணினார். புதன்கிழமை எதிர்வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். "அப்பப்பா, என்ன நாத்தம், தலையே வலிக்குது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தவள் இவள்தான். 'ஆமா, ஆமா' என்று அவரும் மூக்கைப் பொத்தினாரே, எதுவும் தெரியாமலேயே. புதன்கிழமை வரைக்கும் அவளுக்கு எல்லாமே தெரிந்தது. திங்கட்கிழமை என்பது பச்சைப் பொய். புருஷன் மகளுக்கு முன்னால் தலைகுனியக் கூடாது என்பதற்காகத் தன் ஊசியையே தூக்கிக் கொடுக்கிறாள் இவள்.

சும்மா இருந்திருக்கலாம். மகள் கண்ணில் அவர் நல்லவராகவே இருந்திருப்பார். ஒரு வினாடி அதுவும் தோன்றியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரும் மனுஷன்தான்.

"பொய் சொல்றா" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் டீச்சர்.

"பொய்ம்மா. புதன்கிழமை பெயிண்ட் வாடை இவளுக்கு நல்லாத் தெரிஞ்சுது. வியாழக்கிழமை சாயங்காலம்தான் சால்வையை எடுத்தா. அதுக்கு முன்னால ஒண்ணுமில்லை. நீ வியாழன்னு எழுதிக்கோ." ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார். "முதல்ல போனது எனக்கு. செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமையா?"

"காலையில ஆறு மணிக்கு."

"ஆறு மணிக்குன்னா…" மகளுக்கு அந்தப் பரீட்சை ஞாபகம் வந்துவிட்டது. "அன்னிக்கு அம்மா டிக் போட்டு போட்டோ அனுப்பினாளே. புதன்கிழமையும் அனுப்பினா. இன்னிக்குக் காலையிலகூட அனுப்பினாளே அப்பா!"

"நிறத்தைப் பாத்து சொன்னேன்."

மகளின் கண்ணாடிக்குள் கண் நிறைந்து வழிந்தது. கையுறை போட்ட கையால் துடைக்கவும் முடியாது.

"ஆபீசுக்குப் போனீங்களா?"

"இல்லை. லீவு சொல்லிட்டேன்."

"ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குப் பரவக்கூடாதுன்னு லீவு போட்டிருக்கீங்க. அம்மாவுக்கு எதிர்ல மட்டும் மாஸ்க்கைக் கழட்டிட்டு உக்காந்திருக்கீங்க."

மூக்கு சார் முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவரைத் திட்டாதேன்னு சொன்னேன்ல?" என்று டீச்சர் முனகினாள். "உன்னைப் பாக்கணும்னுதான்டி. ரெண்டு பேரும் அதுக்குத்தான்."

"நான் பத்து நாள் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருந்தேனேம்மா. இன்னும் ஒரு மாசம்னாலும் உக்காந்திருப்பேன். ஒரு வருஷம்னாலும் உக்காந்திருப்பேன்." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மகள் குனிந்து, அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். டீச்சர் நீல அங்கியின் மேல் சாய்ந்துகொண்டாள். இரண்டு கையும் மகளின் முதுகைச் சுற்றிக்கொண்டன. பிளாஸ்டிக் சரசரத்தது. தூக்கிவிடுவதற்காகப் பிடித்ததா, கட்டிக்கொண்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

மூக்கு சார் செருப்பைத் தேடினார்.

"நீங்க வர முடியாதுப்பா. உங்களுக்கும் இருக்கு. வீட்டுலயே இருங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை இந்தக் கிளிப்பை மாட்டிப் பாத்து எனக்கு அனுப்புங்க." கதவைச் சாத்தப் போனவள் ஒரு வினாடி நின்றாள். "நிஜமான நம்பரை அனுப்புங்க."

கதவு சாத்திக்கொண்டது.

*

வீடு அப்படியே கிடந்தது. முற்றத்தில் மூன்று நாற்காலி, அடுப்பில் அடிப்பிடித்த பாத்திரம். அவர் பாத்திரத்தைத் தேய்த்தார். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். தேய்த்தார். மறுபடி முகர்ந்தார். கறுப்பாக இருந்தது, அதனால் கருகியிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். வாய்விட்டு அழுதார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் அழுவதற்கு வெட்கம் எதற்கு?

ஒரு மணிக்கு விரலில் மாட்டினார். தொண்ணூற்றாறு. உள்ளதை அப்படியே அனுப்பினார். 'சரி' என்று பதில் வந்தது. நாலு மணிக்குத் தொண்ணூற்றைந்து. அதற்கும் 'சரி'. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு எழுதினார், அழித்தார், எழுதினார், அனுப்பாமலே விட்டார்.

ஐந்தரை மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"ஊசி போட்டாச்சுப்பா. மூணாம் நாள்னு எழுதி வாங்கினேன். பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா கிடைச்சிருக்காது."

"இப்போ எப்படி இருக்கா?"

"ஆக்ஸிஜன் நிக்க மாட்டேங்குது. பெரிய மாஸ்க் போடப் போறாங்க. போட்டா பேச முடியாது. எத்தனை நாளைக்குன்னு தெரியாது." பின்னால் ஏதோ மெஷின் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "அப்பா, அம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னா. உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு தெரியலை."

"சொல்லும்மா. நீ என்ன சொன்னாலும் எனக்குத் தகும்."

"அவளுக்கு செவ்வாய்க்கிழமையே தெரியுமாம்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன தெரியுமாம்?"

"இருபத்தெட்டு வருஷமா நீங்க குனிஞ்சதும் கண்ணை மூடுவீங்களாம். மூடித்தான் முகருவீங்களாம். அன்னிக்கு மூடலையாம். கிண்ணத்தையே உத்து உத்துப் பாத்தீங்களாம். அப்பவே தெரிஞ்சு போச்சாம்."

மூக்கு சார் சுவரில் சாய்ந்தார்.

"தெரிஞ்சுமா… தெரிஞ்சுமா எதிர்ல வந்து உக்காந்தா?"

"ஜன்னலைத் திறந்து வச்சிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டா போதும்னு நினைச்சாளாம். பரீட்சை வேண்டாம்னு சொன்னா உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிடும், நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு பயந்தாளாம். நான் வர்றதும் நின்னு போயிடும்ல? அதான். சனிக்கிழமை வரைக்கும் தாங்கினா போதும்னு…" மகள் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை என்ன பண்ணி வச்சிருக்கீங்க, பாருங்க."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டு நிமிஷம் இருக்கு. நான் உள்ளே போறேன். அவகிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. காதுல சொல்றேன். சீக்கிரம்ப்பா."

மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏன் எனக்காகப் பொய் சொன்னாய் என்று சண்டை போட வேண்டும். ஏன் என் எதிரில் வந்து உட்கார்ந்தாய் என்று கேட்க வேண்டும். திரும்பி வா என்று சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருடத்தை இரண்டு நிமிஷத்தில் எங்கே பிடித்து அடைப்பது?

அங்கே படுத்துக்கொண்டு அவள் என்ன நினைப்பாள் என்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நான் சாப்பிட்டுட்டேன்னு சொல்லு" என்றார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லைம்மா."

அந்தப் பக்கம் மெஷின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. நிஜமான நம்பரை அனுப்புங்கள் என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவள் அவள்.

"சரிப்பா" என்றாள் கடைசியில். "வயிறு நிறைய சாப்பிட்டாருன்னு சொல்றேன்."